எம்க்யூடிடி.ஜேஎஸ் கொண்டு சென்சார் கணுக்களோடு பேசுவது: புதியவர்களுக்கான வழிகாட்டி

அறைக்கு ஒன்றாக வெப்பநிலை அளக்கும் பத்து ஈஎஸ்பி32 போர்டுகள், மோட்டாரை இயக்கும் ரிலே போர்டு ஒன்று, எல்லாம் ஒரே வைஃபையில். இவை அனுப்பும் அளவுகளை வாங்கவும் தேவையானபோது கட்டளை கொடுக்கவும் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு நிரல் வேண்டும். இதற்குப் பரவலாகப் பயன்படுவது எம்க்யூடிடி.ஜேஎஸ் நூலகம். இணைப்பை ஏற்படுத்தும் வரிகள் மூன்றோ நான்கோதான். அது பத்து நிமிட வேலை. வைஃபை அறுந்து திரும்பி வரும்போது என்ன ஆகிறது என்பதில்தான் பெரும்பாலான திட்டங்கள் சறுக்குகின்றன. அறுந்த இணைப்பை நூலகம் சத்தமில்லாமல் தானே ஒட்டிக்கொள்ளும். அந்த இடைவெளியில் போன செய்தியைத் தூக்கி எறியலாமா, காத்து வைக்க வேண்டுமா, காத்து வைத்தால் ஆபத்தா என்பதை அது முடிவு செய்யாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

ஒரு குறிப்பு: கட்டளைகளும் விருப்பங்களும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதப்பட்டுள்ளன. கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்திலேயே இட வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு முக்கியம்.

எப்படி இயங்குகிறது

எம்க்யூடிடி என்பது செய்திப் பரிமாற்ற நெறிமுறை. அதில் கணுக்கள் (இணையும் போர்டுகளும் நிரல்களும்) ஒன்றோடொன்று நேரடியாகப் பேசுவதில்லை. நடுவில் புரோக்கர் என்ற சர்வர் இருக்கும். ஒரு கணு ஒரு டாபிக்கின் பெயரில் செய்தியை வெளியிடும். அந்த டாபிக்குக்குச் சந்தா போட்டிருக்கும் எல்லோருக்கும் புரோக்கர் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அனுப்பியவருக்கு யார் வாங்கினார்கள் என்பது தெரியாது. 1999-இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் இருவரும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க இதை உருவாக்கினார்கள். குறைந்த அலைவரிசை, அடிக்கடி அறுகிற இணைப்பு என்ற சூழலுக்கே இது வடிவமைக்கப்பட்டது. செய்தித் தலைப்பகுதி 2 பைட்டிலிருந்தே தொடங்குவது அதனால்தான். இன்று புழக்கத்தில் உள்ளவை 3.1.1, 5.0 ஆகிய இரண்டு பதிப்புகள். எம்க்யூடிடி.ஜேஎஸ் நாம் எதுவும் சொல்லாவிட்டால் 3.1.1-ஐ எடுத்துக்கொள்ளும். தொடங்குவதற்கு அது போதும்.

படி 1: புரோக்கரை நிறுவுதல்

பழகுவதற்கு மஸ்கிட்டோ என்ற புரோக்கர் நல்ல தேர்வு. நிறுவியவுடன் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. 2.0 பதிப்பிலிருந்து, அமைவுக் கோப்பில் எதுவும் எழுதாவிட்டால் மஸ்கிட்டோ அதே கணினியிலிருந்து வரும் இணைப்புகளை மட்டுமே ஏற்கும். உங்கள் கணினியில் சோதித்தால் எல்லாம் ஓடும். போர்டிலிருந்து மட்டும் இணைப்பு கிடைக்காது. போர்டில் கோளாறு என்று நினைத்துக் கம்பிகளைக் கழற்ற ஆரம்பிக்க வேண்டாம்.

அமைவுக் கோப்பில் மூன்று வரிகள் தேவை. 'லிசனர் 1883' என்பது முதல் வரி; 1883 புரோக்கர் கேட்கும் போர்ட் எண். 'அலவ்_அனானிமஸ் ஃபால்ஸ்' இரண்டாவது. 'பாஸ்வேர்ட்_ஃபைல்' என்று எழுதி, கடவுச்சொல் கோப்பின் முழுப் பாதையைத் தருவது மூன்றாவது.

கடவுச்சொல் கோப்பை 'மஸ்கிட்டோ_பாஸ்வேர்ட்' என்று ஒலிக்கிற, ஆனால் 'பாஸ்டபிள்யூடி' என்று சுருக்கி எழுதப்படுகிற கட்டளை உருவாக்கும். முதல் பயனரைச் சேர்க்கும்போது மட்டும் '-சி' கொடியைப் போடுங்கள். இரண்டாவது பயனருக்கும் அதே கட்டளையைத் திரும்ப ஓட்டினால், '-சி' கோப்பைப் புதிதாக உருவாக்கிவிடும். முதல் பயனர் காணாமல் போவார். லினக்ஸில் அந்தக் கோப்பை மஸ்கிட்டோ என்ற கணினிப் பயனர் படிக்க அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் புரோக்கர் எழும்பவே எழும்பாது.

ஜாவாஸ்கிரிப்டைத் தொடுவதற்கு முன் புரோக்கரைத் தனியாகச் சோதித்துவிடுவது நல்லது. ஒரு டெர்மினலில் 'மஸ்கிட்டோ_சப்', இன்னொன்றில் 'மஸ்கிட்டோ_பப்'. இவற்றில் சிறிய 'பி' கொடி போர்ட் எண்ணுக்கு, பெரிய 'பி' கொடி கடவுச்சொல்லுக்கு. ஒன்றிலிருந்து அனுப்பியது மற்றதில் வந்தால் புரோக்கர் சரி. சோதனையை வேறொரு கணினியிலிருந்து செய்தால் ஃபயர்வால் சிக்கலும் இப்போதே வெளிப்பட்டுவிடும்.

படி 2: நூலகத்தைச் சேர்த்து இணைவது

ஜாவாஸ்கிரிப்டைப் பிரௌசருக்கு வெளியே ஓட்டும் நோட்.ஜேஎஸ்-இன் நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஒன்று கணினியில் இருக்கட்டும். திட்டத்துக்கு ஒரு கோப்புறையை உருவாக்கி, அதன் பொதி நிறுவியான என்பிஎம் மூலம் 'எம்க்யூடிடி' என்ற பொதியை நிறுவுங்கள். பொதியின் பெயரில் 'ஜேஎஸ்' வராது.

நிரலில் 'எம்க்யூடிடி.கனெக்ட்' என்ற செயல்கூறை அழைக்கிறோம். முதல் மதிப்பு புரோக்கரின் முகவரி: 'எம்க்யூடிடி://' என்று தொடங்கி, ஐபி எண், முக்காற்புள்ளிக்குப் பின் 1883. இரண்டாவது மதிப்பு விருப்பங்கள் அடங்கிய ஆப்ஜெக்ட். தொடக்கத்தில் அதில் நான்கைத் தந்தால் போதும்:

- யூசர்நேம், பாஸ்வேர்ட்: படி 1-இல் உருவாக்கியவை.
- கிளையன்ட்ஐடி: இந்த நிரலுக்கு மட்டுமே உரிய பெயர். தராவிட்டால் நூலகம் தற்செயலான ஒன்றை இட்டுக்கொள்ளும்.
- கீப்அலைவ்: சும்மா இருக்கும்போதும் எத்தனை வினாடிக்கு ஒருமுறை உயிரோடிருப்பதைப் புரோக்கருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது. இயல்பு 60.

'ரீகனெக்ட்பீரியட்' என்ற இன்னொன்றும் உண்டு. இயல்பாக 1000 மில்லிவினாடி. அதாவது அறுந்தால் ஒவ்வொரு வினாடியும் மீண்டும் முயலும். 0 கொடுத்தால் முயற்சியே செய்யாது. நூற்றுக்கணக்கான கிளையன்ட்கள் (புரோக்கரோடு இணைபவை) உள்ள இடத்தில் இதை 5000 அளவுக்கு உயர்த்துங்கள். புரோக்கர் மறுதொடக்கமாகும் வேளையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டுவது குறையும்.

புரோக்கர் அதே கணினியில் இருந்தால் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதாமல் 127.0.0.1 என்று எழுதுவது பாதுகாப்பு. நோட் 17 முதல், அந்தப் பெயர் ஐபிவி6 முகவரியாக மாறக்கூடும். புரோக்கர் ஐபிவி4-இல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் இணைப்பு மறுக்கப்பட்டதாகப் பிழை வரும்.

அடுத்து நிகழ்வுகள். கனெக்ட், மெசேஜ், எரர், குளோஸ், ரீகனெக்ட் ஆகிய ஐந்துக்கும் 'ஆன்' மூலம் ஆளுக்கொரு கையாளியை வைத்து, முதலில் வெறுமனே திரையில் அச்சிடச் செய்யுங்கள். 'எரர்' நிகழ்வைக் கட்டாயம் கையாள வேண்டும். கையாளி இல்லாத எரர் நிகழ்வு நோட் நிரலையே நிறுத்திவிடும் என்பது நோட்.ஜேஎஸ்-இன் பொது விதி.

இங்கே ஒரு பிழை திரும்பத் திரும்ப வரும். 'மெசேஜ்' கையாளியை 'கனெக்ட்' கையாளிக்குள் எழுதிவிடுவார்கள். பார்க்க அது முறையாகவே தெரியும்: இணைந்த பிறகுதானே செய்தி? ஆனால் ஒவ்வொரு மறுஇணைப்பிலும் 'கனெக்ட்' மீண்டும் நிகழும். ஒவ்வொரு முறையும் இன்னொரு 'மெசேஜ்' கையாளி சேரும். மூன்று முறை வைஃபை விட்டுவிட்டு வந்தால் ஒரே அளவு தரவுத்தளத்தில் நான்கு முறை பதிவாகும். மேசையில் சோதிக்கும்போது இது தெரியாது, ஏனென்றால் அங்கே இணைப்பு அறுவதில்லை. எல்லா 'ஆன்' அழைப்புகளும் வெளியே, ஒரே ஒருமுறை. சந்தா போடும் 'சப்ஸ்கிரைப்' மட்டும் கனெக்டுக்குள் இருக்கலாம். அதே டாபிக்குக்கு மறுபடி சந்தா போட்டாலும் பழையதின் இடத்தில்தான் புதியது உட்காரும்.

படி 3: டாபிக் மரம்

நிரல் வளர்ந்த பிறகு மாற்றக் கடினமானது இதுதான். ஆகவே தாளில் எழுதிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பொதுவிலிருந்து குறிப்பானதை நோக்கி இறங்குவது வழக்கம்:

கட்டிடம்/அறை03/வெப்பம்
கட்டிடம்/அறை03/இருப்பு
கட்டிடம்/மோட்டார்/கட்டளை
கட்டிடம்/மோட்டார்/நிலை

'+' ஒரு மட்டத்துக்குப் பொருந்தும். '#' அதற்குக் கீழே உள்ள அனைத்துக்கும். எல்லா அறைகளின் வெப்பமும் வேண்டுமானால் 'கட்டிடம்/+/வெப்பம்' என்று சந்தா போடலாம். முன்னால் சாய்கோடு வைக்காதீர்கள். '/கட்டிடம்' என்பதில் காலியான ஒரு மட்டம் முதலில் நிற்கிறது. அது 'கட்டிடம்' அல்ல. கட்டளைக்கும் நிலைக்கும் ஒரே டாபிக்கைப் பயன்படுத்தினால், தான் அனுப்பியதே தனக்குத் திரும்பி வந்து, போர்டு தனக்குத்தானே உத்தரவிட்டுக்கொள்ளும் சுழற்சியில் போய் முடியும்.

டாபிக் பெயர்கள் யூடிஎஃப்-8 என்பதால் மேலே உள்ளதுபோல் தமிழில் வைப்பது முற்றிலும் செல்லும். ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது நீளம். தமிழில் ஒவ்வொரு யூனிகோட் குறிக்கும் 3 பைட்; புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள். 'கட்டிடம்/அறை03/வெப்பம்' என்பது 58 பைட். ஈஎஸ்பி போர்டுகளில் ஆர்டுயினோவோடு அதிகம் பயன்படும் பப்சப்கிளையன்ட் நூலகத்தின் 2.8 பதிப்பில் ஒரு பாக்கெட்டின் மொத்த அளவே இயல்பாக 256 பைட்தான். அதைத் தாண்டும் செய்தியை அனுப்பச் சொன்னால் அது 'ஃபால்ஸ்' என்று திருப்பித் தந்துவிட்டுச் சும்மா இருக்கும்; தாண்டி வருகிற செய்தியைச் சொல்லாமலே விட்டுவிடும். 'செட்பஃபர்சைஸ்' அழைத்து 512 ஆக்கிவிடுங்கள்.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு. 'மொட்டைமாடி' என்பதில் வரும் 'மொ'வை ஒரு விசைப்பலகை ஒகரக் குறியை ஒரே குறியாக இட்டு எழுதும். இன்னொன்று கொம்பையும் காலையும் தனித்தனியாக இடும். திரையில் இரண்டும் ஒன்றே. புரோக்கருக்கோ அவை வேறு வேறு டாபிக்குகள், ஏனென்றால் அது பைட்டுகளைத்தான் ஒப்பிடுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்தில் 'நார்மலைஸ்' செயல்கூறுக்கு 'என்எஃப்சி' கொடுத்து ஒரே வடிவுக்குக் கொண்டுவரலாம். போர்டின் நிரலில் அந்த வசதி எளிதில் கிடைக்காது. எங்கள் பரிந்துரை: செய்தியின் உள்ளே தமிழ் தாராளமாக இருக்கட்டும், போர்டுகள் தொடும் டாபிக் பெயர்களை ஆங்கிலச் சிற்றெழுத்திலும் எண்களிலும் சுருக்கமாக வையுங்கள்.

படி 4: செய்தியை வாங்குவது

'மெசேஜ்' கையாளிக்கு டாபிக், செய்தி, பாக்கெட் என மூன்று மதிப்புகள் வரும். செய்தி எழுத்துச்சரமாக வராது. பைட்டுகள் அடங்கிய பஃபராக வரும். 'டுஸ்டிரிங்' போட்டபின்தான் அதைப் படிக்கலாம். ஜேசன் வடிவில் வருவதாக இருந்தால் 'பார்ஸ்' அழைப்பை 'டிரை–கேட்ச்'சுக்குள் வையுங்கள். ஒரு போர்டு பாதி எழுதிய செய்தியை அனுப்பினாலும், யாரோ சோதனைக்காக 'வணக்கம்' என்று அனுப்பினாலும், மொத்த நிரலும் விழக்கூடாது. காலியான செய்தியும் வரும். ஏன் என்று அடுத்த படியில் தெரியும்.

எந்த அறை என்பதை டாபிக்கைச் சாய்கோட்டில் 'ஸ்பிளிட்' செய்து இரண்டாவது துண்டிலிருந்து எடுங்கள். அறைப் பெயரைச் செய்திக்குள்ளும் திரும்ப வைத்தால், என்றோ ஒருநாள் இரண்டும் முரண்படும்.

படி 5: தர அளவு, தக்கவைத்தல், இருப்பு

க்யூஓஎஸ் என்ற தர அளவு மூன்று வகை. 0 என்றால் அனுப்பியதோடு சரி. 1 என்றால் குறைந்தது ஒருமுறை சேரும். இரண்டு முறையும் சேரலாம். 2 என்றால் சரியாக ஒருமுறை, ஆனால் நான்கு பாக்கெட் பரிமாற்றம் ஆகும். பத்து வினாடிக்கு ஒருமுறை வரும் வெப்ப அளவுக்கு 0 போதும். ஒன்று தொலைந்தால் அடுத்தது வந்துவிடும். கட்டளைக்கு 1. இரட்டிப்பாகச் சேரலாம் என்பதால் கட்டளையை 'மாற்று' என்று எழுதாமல் 'ஓடு', 'நில்' என்று எழுதுங்கள். 'மாற்று' இரண்டு முறை போனால் மோட்டார் பழைய நிலைக்கே வந்து நிற்கும். 'ஓடு' இரண்டு முறை போனால் ஒன்றும் கெடாது. பப்சப்கிளையன்ட் தர அளவு 0-இல் மட்டுமே வெளியிடும். 1-இல் சந்தா போட மட்டும் அதனால் முடியும்.

'ரீடெய்ன்' என்ற விருப்பத்தை 'ட்ரூ' ஆக்கி வெளியிட்டால், அந்த டாபிக்கின் கடைசிச் செய்தியைப் புரோக்கர் வைத்துக்கொண்டு, புதிதாகச் சந்தா போடுபவருக்கு உடனே தரும். நிலை, இருப்பு போன்றவற்றுக்கு இது தேவை. இல்லாவிட்டால் திரையைத் திறந்ததும் அடுத்த செய்தி வரும்வரை வெறுமையாக இருக்கும். கட்டளைக்கு ஒருபோதும் வேண்டாம். தக்கவைத்த 'ஓடு' கட்டளை, மின்தடைக்குப் பின் போர்டு எழும்பும் ஒவ்வொரு முறையும் அதன் கையில் போய்ச் சேரும். தவறுதலாகத் தக்கவைத்துவிட்டால், அதே டாபிக்கில் காலிச் செய்தியை ரீடெய்னோடு அனுப்பினால் அழிந்துவிடும். அந்தக் காலிச் செய்திதான் சந்தாதாரர்களின் ஜேசன் பார்ஸை உடைப்பது.

ஒரு கணு உயிரோடிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள 'வில்' என்ற ஏற்பாடு உண்டு. இணையும்போதே 'நான் சொல்லாமல் மறைந்தால் இதை வெளியிடு' என்று புரோக்கரிடம் ஒரு செய்தியை ஒப்படைப்பது. போர்டின் நிரலில், இருப்பு டாபிக்கில் 'இல்லை' என்ற வில், ரீடெய்னோடு. இணைந்தவுடன் அதே டாபிக்கில் 'உண்டு', அதுவும் ரீடெய்னோடு. கீப்அலைவ் காலத்தின் ஒன்றரை மடங்கு வரை எதுவும் வராவிட்டால்தான் புரோக்கர் கணுவை இறந்ததாகக் கொள்ளும். 60 வினாடி என்றால் 90 வினாடி கழித்தே 'இல்லை' தெரியும். பப்சப்கிளையன்டின் இயல்பு 15 என்பதால் அங்கே ஏறக்குறைய 22 வினாடி.

இங்கேதான் கிளையன்ட்ஐடியின் இரண்டு முகங்களையும் பார்க்க வேண்டும். இரண்டு போர்டுகளுக்கு ஒரே ஐடி இருந்தால், இரண்டாவது இணைந்ததும் புரோக்கர் முதலாவதைத் துரத்தும். அது மீண்டும் இணைந்து இதைத் துரத்தும். வினாடிக்கு ஒருமுறை கனெக்ட், குளோஸ் என்று மாறி மாறி அச்சானால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஒரே நிரலை எல்லாப் போர்டிலும் ஏற்றும்போது இது நேரும். போர்டின் வன்பொருள் எண்ணான மேக் முகவரியிலிருந்து ஐடியை உருவாக்கினால் தீரும். மறுபுறம், ஒவ்வொரு இணைப்பிலும் போர்டுக்குத் தற்செயல் ஐடி தந்தால் வேறொரு கோளாறு. வைஃபை அறுந்து உடனே புது ஐடியோடு வந்து 'உண்டு' என்கிறது. பழைய ஐடியின் இணைப்பு புரோக்கரில் இன்னும் காலாவதியாகவில்லை. அது காலாவதியாகும்போது பழைய வில் வெளியாகி 'இல்லை' என்று மேலெழுதிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் கணு திரையில் செத்துக்கிடக்கும். ஆக, போர்டு ஒவ்வொன்றுக்கும் தனி ஐடி, மாறாத ஐடி.

பேட்டரியில் ஓடி, அளந்து அனுப்பிவிட்டு ஆழ்தூக்கத்துக்குப் போகும் கணுக்களுக்கு வில் பயன்படாது. அவற்றுக்குக் கடைசியாகச் செய்தி வந்த நேரத்தை ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்தில் ஒரு மேப்பில் வைத்து, வழக்கமான இடைவெளியைப்போல் மூன்று மடங்கு தாண்டினால் 'காணவில்லை' என்று காட்டுங்கள்.

படி 6: கட்டளை அனுப்புவது

'பப்ளிஷ்' செயல்கூறுக்கு டாபிக், செய்தி, விருப்பங்கள், முடிந்ததும் அழைக்க வேண்டிய செயல்கூறு என நான்கு மதிப்புகள். எளிதுதான். ஆனால் இணைப்பு இல்லாத நேரத்தில் 'பப்ளிஷ்' அழைத்தால் நூலகம் பிழை சொல்லாது. செய்தியை வரிசையில் வைத்து, இணைப்பு வந்ததும் அனுப்பும். வெப்ப அளவுக்கு இது உதவி. மோட்டாருக்கு இது விபத்து: பொத்தானை அழுத்தியவர் ஒன்றும் நடக்கவில்லை என்று கிளம்பிப் போனபின், இருபது நிமிடம் கழித்து மோட்டார் தானாக ஓடும். 'க்யூக்யூஓஎஸ்ஜீரோ' விருப்பத்தை 'ஃபால்ஸ்' ஆக்கினால் தர அளவு 0 செய்திகள் வரிசையில் சேராது. 1, 2 அப்போதும் சேரும். எனவே கட்டளைக்கு முன் 'கிளையன்ட்.கனெக்டெட்' உண்மையா என்று பார்த்து, இல்லையென்றால் பொத்தானையே செயலிழக்கச் செய்யுங்கள். கட்டளைக்குள் அனுப்பிய நேரத்தையும் வையுங்கள். பத்து வினாடிக்கு மேல் பழையது என்றால் போர்டு நிராகரிக்கட்டும். அதற்குப் போர்டின் கடிகாரம் என்டிபி என்ற நேர ஒத்திசைவு வழியாகச் சரி செய்யப்பட்டிருக்க வேண்டும்.

முடிந்ததும் அழைக்கப்படும் செயல்கூறு பிழையின்றி வந்தால் மோட்டார் ஓடுகிறது என்று பொருளில்லை. தர அளவு 1-இல் அது சொல்வது, புரோக்கர் பெற்றுக்கொண்டது என்பதை மட்டுமே. ரிலேவை மாற்றியபின் போர்டு 'மோட்டார்/நிலை'யில் வெளியிடுவதைக் கேட்டுத்தான் திரையில் நிறம் மாற வேண்டும். ஐந்து வினாடிக்குள் நிலை வராவிட்டால் 'பதில் இல்லை' என்று காட்டுங்கள்.

படி 7: பிரௌசரிலிருந்து

பிரௌசரால் 1883-இல் நேரடியாக இணைய முடியாது, வெப்சாக்கெட் வேண்டும். மஸ்கிட்டோ அமைவில் 'லிசனர் 9001', அதற்குக் கீழே 'புரோட்டோகால் வெப்சாக்கெட்ஸ்' என்று சேர்த்து, முகவரியை 'டபிள்யூஎஸ்://' என்று தொடங்குங்கள். வலைப்பக்கம் ஹெச்டிடிபிஎஸ்-இல் இருந்தால் 'டபிள்யூஎஸ்எஸ்' மட்டுமே செல்லும். மற்றதைப் பிரௌசர் தடுத்துவிடும். பக்கத்தில் வைக்கும் கடவுச்சொல்லைப் பார்வையாளர் யாரும் படிக்கலாம் என்பதால், தனிப் பயனரைச் சேர்த்து, யாருக்கு எந்த டாபிக்கில் என்ன உரிமை என்று சொல்லும் ஏசிஎல் கோப்பில் அவருக்குப் படிக்கும் உரிமை மட்டும் தந்து, அந்தப் பயனரையே பயன்படுத்துங்கள்.

இணையம் வழியாகப் போகும் இணைப்புக்கு டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்கம் கட்டாயம்: 'எம்க்யூடிடிஎஸ்://', போர்ட் 8883, 'சிஏ' விருப்பத்தில் சான்றிதழ். சான்றிதழில் டொமைன் பெயர் இருக்க, ஐபி எண்ணால் இணைந்தால் சரிபார்ப்பு தோற்கும். அதற்கு 'ரிஜெக்ட்அன்ஆதரைஸ்டு'வை ஃபால்ஸ் ஆக்குவதைப் பல இடங்களில் தீர்வாகச் சொல்வார்கள். அது பூட்டைக் கழற்றி வைப்பது. பெயரால் இணைவதே தீர்வு.

ஓடாதபோது

'ஈகான்ரெஃப்யூஸ்டு' என்றால் அந்த முகவரியில், அந்தப் போர்ட்டில் யாரும் கேட்கவில்லை. புரோக்கர் ஓடுகிறதா, லிசனர் வரி இருக்கிறதா என்று பாருங்கள். பிழை எண் 5 என்றால் புரோக்கர் கிடைத்தது, பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு.

பிழை ஏதுமில்லை, செய்தியும் வரவில்லை என்றால் டாபிக் எழுத்து, முன்சாய்கோடு, ஏசிஎல் என்ற வரிசையில் தேடுங்கள். ஏசிஎல் கடைசியில் இருந்தாலும் அதுதான் அதிகம் ஏமாற்றுவது. 3.1.1-இல் உரிமையில்லாத வெளியீட்டை 'மறுக்கிறேன்' என்று சொல்லப் புரோக்கருக்கு வழியே இல்லை. ஒன்று இணைப்பைத் துண்டிக்க வேண்டும், அல்லது பெற்றுக்கொண்டதாகப் பாவனை செய்ய வேண்டும். மஸ்கிட்டோ இரண்டாவதைச் செய்யும். புரோக்கரின் பதிவுகளைத் திறந்தால்தான் மறுப்பு தெரியும்.

ஒரு செய்தியை அனுப்பிவிட்டு உடனே முடியும் சிறு நிரலில் 'பப்ளிஷ்' அடுத்த வரியிலேயே 'புராசஸ்.எக்ஸிட்' எழுதினால் செய்தி கணினியை விட்டுக் கிளம்பியிருக்காது. 'பப்ளிஷ்அசிங்க்' முடியும்வரை காத்திருந்து, பிறகு 'எண்ட்அசிங்க்' அழையுங்கள். அப்படி ஒழுங்காக விடைபெற்றால் வில் வெளியாகாது என்பதால், இருப்பு டாபிக் வைத்திருக்கும் நிரல் விடைபெறும் முன் 'இல்லை' என்பதைத் தானே வெளியிட வேண்டும்.

எதுவும் பிடிபடாவிட்டால், நிரலை ஓட்டும் முன் 'டீபக்' என்ற சூழல் மாறிக்கு 'எம்க்யூடிடிஜேஎஸ்*' என்ற மதிப்பைத் தாருங்கள். போகிற வருகிற ஒவ்வொரு பாக்கெட்டும் திரையில் ஓடும். கனெக்ட் போனதா, அதற்கு என்ன பதில் வந்தது, சந்தாவுக்கு எந்தத் தர அளவு வழங்கப்பட்டது என்று அந்த வரிசையில் படியுங்கள். சந்தாவுக்குப் பதிலாக 128 வந்திருந்தால் அது மறுக்கப்பட்டிருக்கிறது.